நீல வெளிச்சமும் சிவப்புக் கெண்டையும்

— அம்மாகிட்ட இருந்து ஒரு கனவை நான் விலைக்கு வாங்கிட்டேன்டி, சேரின்.

— கனவையா? சும்மா இரு அக்கா. சிரிச்சா இந்தக் கண் மறைப்பு நகருது, நர்ஸ் திட்டுவாங்க.

— சிரிக்காம கேளு. இன்னிக்கு விடியறதுக்குள்ள சுன்ச்சொன் ஊர்ல இருந்து அம்மா போன். ஏரித் தண்ணி அப்படியே நீலமா இருந்துச்சாம். அதுக்குள்ள இருந்து ஒரு சிவப்புக் கெண்டை, குழந்தை சைஸுக்கு, துள்ளி வந்து அம்மா மடியிலயே விழுந்துச்சாம். நம்ம வீட்டுல யாருக்கோ கரு தங்குற கனவுன்னு அம்மா அடிச்சுச் சொல்றாங்க. நான் விடுவேனா? என் பச்சை ஸ்வெட்டர் மேல அவங்களுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. அதை வெச்சுக்கோ, கனவைக் குடுன்னுட்டேன்.

— குடுத்துட்டாங்களா?

— உடனே. வித்தாச்சு, இனி உன்னோடதுன்னு வாய் விட்டுச் சொல்லிட்டாங்க. இனிமே பலன் வாங்கினவளுக்குத்தான்.

— ம்… வாங்கினவளுக்கு…

— என்னடி, தூங்கிட்டியா?

— இல்லக்கா. கண்ணை மூடியிருந்தாலும் இந்த லைட்டோட நீலம் உள்ள வருது. ஏரிக்கு அடியில படுத்திருக்கேன், நீ மேல ஒரு படகுல உக்காந்து பேசற மாதிரி இருக்கு.

— அப்ப நீதான் அந்தக் கெண்டை. முள்ளு முள்ளாப் பரு வந்த முகத்தோட.

— போக்கா… நாளைக்குத்தானே உனக்கு ரத்தப் பரிசோதனை ரிசல்ட்?

— ம்.

— இந்தத் தடவை தங்கிடும்ல?

— இத்தனை வருஷமா ஊசி வாங்கியிருக்கேன், மருந்து வாங்கியிருக்கேன். கனவு வாங்கினது இப்பதான். பார்ப்போம். ம், நர்ஸ் வர்றாங்க.

— கண்ணைத் திறக்காதீங்க சேரின் மேடம். நீலம் போதும், சிவப்புக்கு மாத்தறேன். அது பருவுல இருக்கற கிருமிக்கு, இது வீக்கம் வத்தறதுக்கு. உங்க கல்யாண போட்டோ எடுக்க நாள் நெருங்கிடுச்சே. அந்தப் பரு மாத்திரையும் எடுத்திருந்தா இன்னும் நல்லாக் கேட்டிருக்கும். டாக்டர் எவ்வளவோ சொன்னாரு.

— பரவால்லீங்க. லைட்டு மட்டும் போதும்.

— சரி, உங்க இஷ்டம். முடிஞ்சதும் வர்றேன்.

— ஏன்டி மாத்திரையை வேண்டாம்னுட்டே?

— உதடெல்லாம் வெடிக்குமாம். போட்டோல அசிங்கமா இருக்காது?

— அந்த ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டர்லயே தாடையைச் செதுக்கிடறான். உதட்டை விட்டுடுவானா?

— சிவப்பு கதகதன்னு இருக்குக்கா. தண்ணிக்குள்ள சூரியன் வந்த மாதிரி.

— மத்தியானம் சாப்பிடறப்ப நீ கிம்ச்சி ஊறுகாயைத் தொடவே இல்ல.

— ரொம்பப் புளிச்சிருந்துச்சு, வாடையே பிடிக்கல.

— புளிச்சாத்தானே நீ ஜாடியோட முடிப்பே.

— அக்கா, ஒண்ணு கேக்கவா? ஒரு கனவு ஒருத்தருக்காக வருது. அவங்களுக்கே தெரியாம வேற ஒருத்தர் அதை வாங்கிட்டா… மீனு திரும்பிப் போயிடுமா?

— அழாதடி. மறைப்புக்கு அடியில பஞ்சு நனையுது.

— அழல. லைட்டு கூசுது.

— கண்ணைக் கட்டியிருக்கு, என்ன கூசும்? ஊசி போட ஆரம்பிச்ச புதுசுல எனக்கும் முகமெல்லாம் பரு வந்துச்சே, ஞாபகமிருக்கா? இதே மாத்திரையைத்தான் கேட்டேன். வயித்துல பிள்ளை வரலாம்னு இருக்கறவங்களுக்கு அதைக் கையால கூடத் தொட மாட்டேன்னு டாக்டர் துரத்தி விட்டுட்டாரு. பிள்ளைக்கு ஆகாதாம்.

— அக்கா…

— எத்தனை மாசம்?

— ரெண்டு. உன்கிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு தெரியலக்கா. நாளைக்கு உனக்கு நல்ல சேதி வரட்டும், அப்புறம் சொல்லலாம்னு…

— கன்னத்தை அசைக்காதே. உன் தலையில இருக்கற அந்தக் கிளிப்பைக் குடு.

— எதுக்கு?

— கனவுக்கு விலை. உனக்கு வித்துட்டேன். வாங்கிக்கிட்டேன்னு வாய் விட்டுச் சொல்லு.

— மாட்டேன்! ஒரு ராத்திரி பொறுத்துக்கோக்கா. நாளைக்கு உனக்கு அது வேணும்.

— நாளைக்கு இல்ல சேரின். நீ கிம்ச்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினியே, அப்பவே ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துடுச்சு. இந்தத் தடவையும் தங்கலையாம். கிளிப்பைக் குடு.