கேட்டோம்

— வெயிலுக்கு இந்தப் பக்கமா வந்து இரி மக்கா. மொகம் தெரியாத ஆளுகிட்ட எனக்குப் பேச வராது.

— வாசல்ல நிண்ணு பத்து தடவ விளிச்சாச்சு மாமி. ஆளே இல்லன்னு நெனச்சுத் திரும்பப் பாத்தேன்.

— திரும்பியிருந்தா கொள்ளாம்... சும்மா சொன்னேன், மொறைக்காத. நீ அந்தக் கோட்டாத்துப் பிள்ளதான?

— ஞாபகம் இருக்கா!

— மூணு வருசம் முன்ன வந்த. இதே பேக்கு, கழுத்துல இதே அட்டை. ஜெனிலா. பேரு மறக்கல்ல.

— எனக்கும் மறக்கல்ல மாமி. வியாகுலம்மாள், ஏசுஅடிமை வீடு. கடலப் பாத்த முத வீடு. அதான் இன்னைக்கும் இங்கேருந்தே தொடங்குகேன்.

— அப்பவும் இங்கதான தொடங்கின. அந்த ஷாலை வாயிலேருந்து எடு.

— இல்ல மாமி, கொஞ்சம் தூசி...

— தூசியா! கருவாட்டு நாத்தம்னு சொல்லேன், நான் என்ன ஒன்னக் கடிக்கவா போறேன்? எடு. வாய மூடிக்கிட்டுப் பேசுகவிய என்ன சொல்லுகாவன்னே எனக்கு வெளங்காது.

— செரி, எடுத்தாச்சு. ஊருக்கு என்ன ஆச்சு மாமி? மத்த நாப்பது வீடும் பூட்டிக் கெடக்கு. கடப்பொறத்துல ஒரு நாயக் கூட காணல்ல. கொட்டாரத்துல பஸ்ஸு மாறும்போ அவ்வளவு சனம், இங்க வந்து எறங்கினா... என்னமோ போல இருக்கு.

— மணி என்ன?

— ரெண்டே முக்கால் ஆவப் போவுது.

— அதான். எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஏறிட்டாவ. மூணேகாலுக்கு அடிக்கும்லா.

— என்னது அடிக்கும்?

— சைரனு. கடலு ஏறினா அடிக்கணும்னு நட்ட ஒங்க சைரனு. அன்னா நிக்கில்லா, வலைக்கூடத்துக்குப் பக்கத்துல, மூணு நாட்டுக் கொடி போட்ட பலகையும் தூக்கிக்கிட்டு.

— மாமி, ஒங்களுக்கு என்ன எப்பவும் கேலிதான்...

— என்னத்துக்குக் கேலி? கடலு வந்த நாளு தொட்டு, அது ஏறின அதே மூணேகாலுக்கு நித்தமும் அடிக்குது. மொதல்ல பைய, தாயத் தேடுக ஆட்டுக்குட்டி போல. பொறவு கூடிக்கிட்டே வரும். பிள்ளைய எல்லாம் காதப் பொத்திக்கிடும். ஜாஸ்மி இல்லியா, நாலாம் வீட்டுக்காரி, அவளுக்கு மூக்குலேருந்து ரத்தம் வந்துது. அதோட ரெண்டே முக்காலுக்கே எல்லாரும் மேட்டுக்கு ஏறிருகது.

— நீங்க ஏன் போகல்ல?

— நான் போனா ஒனக்கு யாரு பதிலு சொல்ல?

— நான் வருகேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?

— ஒருத்தரும் சொல்லல்ல. வருவேன்னு தெரியும். சாயா இடட்டா?

— வேண்டாம் மாமி. பத்து நிமிசத்துல முடிச்சிரலாம். இது கடைசி ஆய்வு. ஏழே ஏழு கேள்வி, அடியில ஒரு கையெழுத்து. பணம் குடுத்த மூணு நாட்டுலேருந்தும் வாற மாசம் ஆளு வருகாவ. இந்த ஊரு சைரனப் பாத்துட்டு, இதே மாதிரி ஆறு நாட்டுல வைக்கப் போறாவளாம். நம்ம ஊருதான் முன்மாதிரின்னு அவிய புஸ்தகத்துல படம் போட்டிருக்கு. பெருமைல்லா...

— குனிஞ்சுக்கிட்டுப் பேசாத.

— கேள்விய வாசிக்கேன் மாமி.

— வாசிச்சிட்டு நிமுந்து சொல்லு. எத்தன ஊருல வைப்பாவ?

— இருநூத்திப் பத்து. எல்லாம் நம்மளப் போலக் கடலோர ஊருதான். ஒரு நிமிசம், ஃபோனு... சார். ஆமா சார், முத வீட்டுலதான். ஊருல வேற ஆளில்ல சார்...

— புஸ்தகத்துல யாரு படம் மக்கா? எங்க வீட்டுக்காரரு ஏசுஅடிமை படம் இருக்கா?

— ...செரி சார், கையெழுத்து வாங்கிருவேன். பேட்டரி விசயம் இங்க ஒருத்தருக்கும் தெரியாது சார்...

— சைரனு நட்ட அண்ணைக்கு எடுத்தாவளே. வெள்ள வேட்டி கெட்டிக்கிட்டு, மாப்பிள்ள கணக்கா நிண்ணாரு. அந்தப் படம் இருக்கான்னு கேட்டேன்.

— ...வைக்கேன் சார். மாமி, நான் ஃபோன்ல பேசும்போ நீங்களும் கூடப் பேசினா எப்படி?

— பேசினியா? கடலப் பாத்துக்கிட்டு நிக்கியன்னு நெனச்சேன்.

— நான் சொன்னத... நீங்க கேட்டியளா?

— நான் என்னத்தக் கேட்டேன்? ஒண்ணும் கேக்கல்ல. ஒன் மொகம் ஏன் வெளுத்துப் போச்சு?

— வெயிலு. தண்ணி குடுங்க மாமி.

— இந்தா. மண்பான வெள்ளம். பைய குடி, பொரைக்கேறப் போவுது.

— மாமி, நான் ஒண்ணு சொல்லட்டா? அந்தச் சைரன் அடிக்காது. அடிக்க முடியாது. ஒங்களுக்கெல்லாம் மனசுல ஒரு பயம், அந்த பயந்தான் கேக்குது.

— ஏன் அடிக்க முடியாது?

— இங்க வரதுக்கு முன்ன நானே ஏறிப் பாத்தேன். பேட்டரிப் பெட்டி காலி. உள்ள மைனா கூடு கட்டியிருக்கு. வயரு கூட மாட்டல்ல, வந்த அண்ணைக்குச் சுத்துன பிளாஸ்டிக் அப்படியே கெடக்கு. அதுக்கு உசுரே குடுக்கல்ல மாமி. பொறவு எங்கேருந்து அடிக்க?

— ஓ. மேல ஏறினியா?

— ஆமா.

— அப்போ இன்னைக்குத்தான் மொதல்ல ஏறுக. மூணு வருசம் முன்ன, ‘ஏறிப் பாத்தேன், நல்லா வேல செய்யுது’ன்னு எழுதியிருந்தியாமே. பங்குக் கோயில்ல நம்ம ஊருப் பய ஸ்டெனி வாசிச்சுக் காட்டினான். நூத்துக்கு நூறுன்னு.

— மாமி, அது வந்து... அண்ணைக்கு மழ. ஏணி வழுக்கும்னு...

— மழயா? அது சித்திர மாசம் மக்கா. செரி, இரி, எந்திரிக்காத. கேள்வியக் கேளு. நான் ஒண்ணும் சண்டைக்கு நிக்கல்ல.

— முத ஆறும் நானே நெரப்பிக்கிடுகேன் மாமி. ஏழாவது மட்டும்...

— எல்லாத்தையும் நீயே நெரப்புவ. அந்தப் பழக்கம் போவல்ல ஒனக்கு. ஏழாவது என்ன?

— கடல் ஏறின நாளப் பத்தி. அண்ணைக்கு என்ன நடந்துதுன்னு ரெண்டு வரி எழுதணும்.

— ரெண்டு வரியா... எழுதிக்க. காத்துமில்ல, மழையுமில்ல. கடலு எண்ண ஊத்தினாப்புல கெடந்துது. கள்ளக்கடலு அப்படித்தான வரும்? எங்கயோ ஆயிரம் மைலுக்கு அப்பறம் காத்தடிச்சு, இங்க பட்டப்பகல்ல கள்ளனாட்டு ஏறும். பழைய ஆளுவ நெறத்தப் பாப்பாவ. கரைத்தண்ணி கலங்கினா வள்ளத்த மேல இழுத்துருவாவ. அண்ணைக்கும் கலங்கித்தான் கெடந்துது. நான் சொன்னேன், வாரும் மனுசா, மேல போவோம்னு.

— மாமாட்டயா?

— அவருட்டதான். வள்ளத்து நெழல்ல மல்லாந்து படுத்துக்கிட்டு, ‘ஏட்டி, சைரன் அடிக்கலல்லா? மூணு நாட்டுக்காரன் கூடி வச்ச சாமானு, ஒன் கண்ணு மாதிரி பொய் சொல்லுமா’ன்னு சிரிச்சாரு. கூட எட்டு பேரு. அவரு எந்திரிக்காததனால அவியளும் எந்திரிக்கல்ல. நான் கையப் புடிச்சு இழுக்கேன்... தலையோட ஒரு இடி. அதுக்குப் பொறவு ஒரே அமைதி மக்கா. அம்புடுதான்.

— ஒம்பது பேரு...

— ஒம்பது. ரெண்டு ஒடம்பு வட்டக்கோட்டைக்கு அந்தால ஒதுங்கிச்சு. இவரு கெடைக்கவே இல்ல. வெறும் பெட்டியத்தான் அடக்கினோம், அவரு வெள்ள வேட்டிய உள்ள வச்சு. எழுதிட்டியா? ரெண்டு வரிக்கு மேல போச்சுல்லா...

— அழாதீங்க மாமி.

— நான் எங்க அழுகேன்? நீதான் அழுக. மக்கா, நான் ஒண்ணு கேக்கேன். மூணு வருசம் முன்ன இதே எடத்துல இருந்து நீ அவருட்ட என்ன கேட்ட? அதே வார்த்தையில சொல்லு.

— ‘சைரன் கேட்டியளா?’

— அவரு?

— ‘கேட்டோம்’னாரு.

— நீ என்ன எழுதின?

— சோதனை ஓட்டத்துல சத்தம் கேட்டாவன்னு... ‘கேட்டோம்’னு. அவரு சொன்ன அதே வார்த்தைய மாமி.

— அவரு அதோட நிறுத்தினாரா? நான் அடுப்படியில நிண்ணேன். ‘கேட்டோம் பிள்ள, நல்லா கேட்டோம்’... பொறவு?

— வேண்டாம் மாமி.

— சொல்லு.

— ‘மூணு தடவ மனு எழுதிக் கேட்டோம். கலெக்டருட்டயும் கேட்டோம், சாமியாருட்டயும் கேட்டோம். கேட்டுக் கேட்டு வாங்கின சாமானு... எப்பம் பிள்ள அடிக்க வைப்பிய’ன்னாரு.

— சைரன் வேணும்னு கேட்டதச் சொன்னாரு அந்த மனுசன். நீ, காதால கேட்டதா எழுதிட்ட. வெளங்காமயா எழுதின?

— ...வெளங்கிச்சு.

— நிமுந்து சொல்லு.

— வெளங்கிச்சு மாமி! வெளங்கித்தான் எழுதினேன். அண்ணைக்கு சாயங்காலம் ரிப்போர்ட்டு போகணும்னு சாரு நெருக்குகாரு. இல்லன்னு எழுதினா திரும்பவும் ஆளு வரணும், சோதனை வைக்கணும், வெளிநாட்டுக்குப் பதிலு சொல்லணும். ஒரு வார்த்ததானன்னு நெனச்சேன். அவரு வாயிலேருந்து வந்த வார்த்ததானன்னு...

— மத்த நாப்பது வீடு?

— நான் கேக்கவே இல்ல மாமி. முக்குல சாயாக்கடையில இருந்து எல்லாத்துலயும் ‘கேட்டோம்’னு நானே எழுதி, கையெழுத்தும் நானே போட்டேன். அந்த ரிப்போர்ட்டு போனதும் வேல முடிஞ்சுதுன்னு ஃபைலை மூடிட்டாவ. வரவேண்டிய பேட்டரி வராமலே போச்சு. போதுமா? மூணு வருசமா ஒருத்தருட்டயும் சொல்லாதத ஒங்களுட்ட சொல்லியாச்சு.

— சொல்லியாச்சுல்லா. செரி, அத இந்தத் தாள்ல எழுது.

— அய்யோ, அது நடக்காது மாமி.

— ஏன்?

— எழுதினா மொத ரிப்போர்ட்டு பொய்யின்னு ஆவும். அதுல இருக்கது என் கையெழுத்து. வேல போறது மட்டுமில்ல, என்ன உள்ள தூக்கி வச்சிருவாவ. எனக்கு நாலு வயசுல ஒரு பிள்ள இருக்கு. போனவிய போயாச்சு மாமி, இனி எழுதி என்ன? ‘கேட்டோம்’னு ஒரு வார்த்த... ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க. ஒங்க காலப் புடிக்கேன்.

— காலு கெடக்கட்டு. அந்த இருநூத்திப் பத்து ஊருலயும் ஒரு ஏசுஅடிமை வள்ளத்து நெழல்ல படுத்துக் கெடப்பாரு மக்கா. சைரன் அடிக்கலல்லான்னு சிரிச்சுக்கிட்டு.

— அங்க பேட்டரி இருக்கும் மாமி. அவிய ஒழுங்கா வைப்பாவ.

— இங்க வச்சதும் அதே அவியதான? மணி என்ன?

— மூணு பதிமூணு.

— கொள்ளாம். கையெழுத்துதான, போடுகேன். மொதல்ல நீ எழுது. ஏழாவதுல, ஒன் கையால. ஒண்ணே ஒண்ணு, எழுதும்போ வாய்விட்டுச் சொல்லு. என் மொகத்தப் பாத்துச் சொல்லு.

— இது என்ன மாமி வெளையாட்டு...

— வெளையாட்டுதான். சொல்லு.

— கே... ட்டோம்.

— ஒரு தடவதான் எழுதியிருக்க. நாப்பத்தியொரு வீடுல்லா?

— கேட்டோம். கேட்டோம். போதுமா? கையெழுத்து போடுங்க. இங்க, இந்தக் கோட்டுக்கு மேல... இரிங்க. யாரு வீட்டுலயோ ஆட்டுக்குட்டி கத்துது.

— இந்தத் தெருவுல ஆடு வளக்கிறவிய இல்ல மக்கா.

— இல்ல, கத்துது... வலைக்கூடத்துப் பக்கத்துலேருந்து. கூடுது மாமி. கூடிக்கிட்டே வருது! வயரே இல்லியே... நான் பாத்தேனே, வயரே இல்லியே!

— பைய சொல்லு. வாய் அம்புட்டு வேகமா அசைஞ்சா எனக்குப் புடி கிட்டாது.

— எந்திரிங்க மாமி! ஓடுவோம்! தல வெடிச்சிரும் போல இருக்கு... இவ்வளவு சத்தம்! ஒங்களுக்குக் கேக்கல்லியா?

— இரி மக்கா, பதறாத. நித்தமும் அடிக்கும்னு நான் சொன்னது பொய்யி. ஜாஸ்மி மூக்குல ரத்தமும் பொய்யி. நீ உள்ளதச் சொல்லுவியான்னு பாக்கத்தான் சொன்னேன். இன்னைக்கு அந்த ஒம்பது பேருக்கும் ஆண்டுப் பூச, ஊரு முழுக்க கோயில்ல இருக்கு. எனக்கு அண்ணைக்கு அந்த அல அடிச்சதோட ரெண்டு காதும் போச்சு. ஒன் வாயப் பாத்துத்தான் இம்புட்டு நேரமும் பேசிக்கிட்டு இருக்கேன். அந்தச் சைரன் இந்த ஊருல ஒரு நாளும் அடிச்சதில்ல, ஒருத்தரும் கேட்டதுமில்ல... நீ என்னத்த மக்கா கேக்குற?