முகவரிக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர், கல்லூரி முதல்வர் நீலா அம்மையார் அவர்களே! அலையும் ஆலையும் அருகருகே நிற்கும் இந்தத் திருவொற்றியூரில் அறிவை விதைக்கும் பேராசிரியப் பெருமக்களே! ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையின் எதிர்காலத்தைக் கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! நிதியியல் இறுதியாண்டு படிக்கும் என் தம்பி தங்கைகளே! எம்.கே.பி. நகர் கோதண்டத்தின் மகள் சங்கமித்ராவின் வணக்கம்.

கைதட்டல் போதும். மேடைப் பழக்கம் இல்லாதவள் நான். இன்னும் தட்டினால் பேச வந்தது மறந்துவிடும்.

நிதி படித்தால் என்ன வேலை என்று சொல்லச் சொன்னார்கள். வங்கி இருக்கிறது. தணிக்கை இருக்கிறது. பங்குச் சந்தை இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கணக்கைப் படித்து, இதற்குக் கடன் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்லும் வேலையும் இருக்கிறது. ஆனால் எல்லாக் கதவுகளுக்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. மதியம் ஆள் எடுக்க வரும் நிறுவனத்தின் படிவம் உங்கள் மடியில்தானே கிடக்கிறது? பெயருக்குக் கீழே பாருங்கள். முகவரி!

மேடையேறும் முன் மாணவி ஜீனத் என்னிடம் ஒன்று கேட்டாள். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். "அக்கா, எர்ணாவூர்னு போட்டா ரவுடி ஏரியான்னு கூப்ட மாட்டாங்கன்றாங்க. கீழ்ப்பாக்கத்துல மாமா வூடு கீது. அத்தப் போட்டுடவா?"

சிரிக்காதீர்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே போட்டேன்.

வீட்டுக்கடன் தரும் நிறுவனம் ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்தது. படிவத்தில் அண்ணா நகர் அத்தை வீட்டு முகவரியை எழுதினேன். வேலைக்கான கடிதமும் கைக்கு வந்தது. பிறகு, முகவரியைச் சரிபார்க்க ஒருவர் அத்தை வீட்டுக்குப் போனார். வாசலில் இருந்த காவலாளி கள்ளமில்லாமல் சொல்லியிருக்கிறார்: "அந்தப் பொண்ணா சார்? பொங்கலுக்கு வரும், துன்னுகினு போயிடும்."

ஆம், சிரியுங்கள். இப்போது நானும் சிரிக்கிறேன். அன்று அழைத்து என்ன சொன்னார்கள் தெரியுமா? கடன் கேட்பவர் தரும் முகவரி மெய்யா பொய்யா என்று பார்க்கும் வேலைக்குத்தான் உங்களை எடுத்தோம் என்றார்கள். வேலை போயிற்று.

அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டார். "நானு எங்க போனாலும் ஹார்பர்ல மூட்ட தூக்கறேன்னுதான் சொல்றேன். நீ இன்னாத்துக்கும்மா வூட்ட மறைச்ச?"

அடுத்த படிவத்தில் எம்.கே.பி. நகர் என்று எழுதினேன். அழைப்பு வரவில்லை. அதற்கடுத்ததிலும் எழுதினேன். வரவில்லை. நான்கு இடங்களில் வரவில்லை. இதை உங்களிடம் மறைக்கமாட்டேன். ஐந்தாவது, கப்பல் சரக்குக் காப்பீடு. நேர்காணலில் ஒரு படத்தைக் காட்டினார்கள்: நனைந்து காய்ந்த பருப்பு மூட்டைகள். காப்பீடு லாரிப் பயணத்துக்கு மட்டும்தான்; லாரியில் மழை பட்டது என்கிறார் உரிமையாளர், இழப்பீடு தரலாமா என்று கேட்டார்கள்.

சாக்கின் ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது. மழைநீர் அப்படிப் பூக்காது. கடல்நீர் பூக்கும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சே அதுதான். கப்பலிலேயே நனைந்திருக்கலாம், ஆய்வகத்தில் உப்பைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். எப்படித் தெரியும் என்றார்கள். அப்பாவின் வேலையைச் சொன்னேன். எங்கள் தெருவைச் சொன்னேன். தலைநிமிர்ந்து சொன்னேன்!

இன்று அதே அலுவலகத்தில் இழப்பீட்டுக் கோப்புகளில் கையெழுத்திடுகிறேன்.

தோழர்களே, நிதித்துறை நம்பிக்கையை விற்கும் துறை. முதல் கட்டத்திலேயே பொய்யை எழுதிவிட்டு எந்த நம்பிக்கையை விற்கப் போகிறோம்? துறைமுகம் நம் வாசலில். தொழிற்சாலை நம் தெருமுனையில். இங்கே சரக்கு எப்படி நகர்கிறது, கூலி எப்படி வருகிறது, எது எப்போது நின்றுபோகிறது என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? அந்த அறிவுக்கு ஒரு முகவரி உண்டு. அதை எழுதுங்கள். கூப்பிடாவிட்டால் அடுத்த படிவத்திலும் அதையே எழுதுங்கள்!

பேனாவை எடுங்கள். நீங்கள் எழுதும்வரை காத்திருக்கிறேன்.

என்ன தம்பி, மணலி புதுநகரா? பின்கோடையும் சேர்த்துப் போடு. ஜீனத், எழுதிவிட்டாயா? படிவத்தைத் தூக்கிக் காட்டுகிறாள், இங்கிருந்தே தெரிகிறது. எர்ணாவூர்!

அந்த ஒரு சொல்லோடு முடிக்கிறேன். செவிகொடுத்த சான்றோருக்கும், எழுதிமுடித்த கைகளுக்கும் என் நன்றி. வணக்கம்.