வேலிக்குள் வந்த கிடாய்

பாண்டியம்மாள்: ...இந்தக் கத்தரிச்செடி காத்துல ஒடிஞ்சதா? நல்லாப் பாத்துச் சொல்லு ராக்கு. காத்து வந்து காய விட்டுட்டுக் கொழுந்த மட்டும் கடிச்சுட்டுப் போகுமாக்கும்.

ராக்கு: நான் காத்துதான்னு சொல்லல மதினி. காத்தாவும் இருக்கலாம்னு...

பாண்டியம்மாள்: புழுக்கையும் காத்துதான் போட்டுட்டுப் போச்சோ? வாயத் தொற.

ராக்கு: என் கிடாதான். ஒத்துக்கிறேன். போதுமா?

பாண்டியம்மாள்: உன் கிடான்னு சொல்லாத. முனியய்யா கிடா. உன் கிடாயா இருந்தா இந்நேரம் கால ஒடிச்சு அங்கன படுக்க வச்சிருப்பேன். காதறுத்துச் சாமிக்கு விட்டதக் கட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது. ஒரு கம்ப எடுத்து ஓங்குனா தெருவே கன்னத்துல போட்டுக்கிடுது. அதுக்கும் அது தெரியுது. கோயில் தர்மகர்த்தா மாதிரி நிதானமா உள்ள வருது, பாத்தி பாத்தியாப் பாக்குது, எது நல்லா வந்திருக்கோ அதத் தின்னுட்டுப் போகுது.

ராக்கு: உங்க பாத்தியில மட்டுமா? எம் பாத்தியிலயும்தான் கீரையக் காணோம்.

பாண்டியம்மாள்: அதுல ஒரு நியாயம் வேற பாக்குதாக்கும்.

ராக்கு: சிரிக்காதிய மதினி.

பாண்டியம்மாள்: நான் எங்கத்தா சிரிச்சேன். இந்த இடம் எப்படிக் கெடந்துச்சு, நெனச்சுப் பாரு. காலிதா வீட்டு இடம்னு பேருதான். உள்ள பூராம் சீமைக் கருவேலு. பாம்பும் கீரியும் குடியிருந்துச்சு. தெருவே சேந்து வெட்டி, தூரப் பறிச்சு... இன்னும் என் உள்ளங்கையில ஒரு முள்ளு இருக்கு. வீட்டுக்கு ஒரு பாத்தின்னு பிரிச்சோம். கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்குதுன்னு, வீட்டு வீட்டுக்கு அரிசி கழுவுன தண்ணியக் கொடத்துல சேத்துக் கொண்டாந்து ஊத்துறோம். உப்பளத்துக் காத்துல கத்தரிக்கா காய்க்குமான்னு கேலி பேசுனவுக எல்லாம் இப்ப ஒரு கை கீரை குடுங்கன்னு வந்து நிக்கிறாக.

ராக்கு: அந்தக் கழனித்தண்ணிதான் மதினி...

பாண்டியம்மாள்: அதுக்கு என்ன?

ராக்கு: ஒண்ணுமில்ல.

பாண்டியம்மாள்: சொல்ல வந்ததச் சொல்லு. பாதிய முழுங்காத.

ராக்கு: அதத்தான் அது குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. காலையில வீட்டுக்கு வீடு வாசல்ல போயி நிக்கும். முனியய்யா வந்துட்டாருன்னு சட்டியில ஊத்துவாக. பகல்ல இங்கன வந்து கருவேலங்காயத் தின்னும். இப்ப மரத்த வெட்டியாச்சு, தண்ணி தோட்டத்துக்கு வந்தாச்சு. அது எங்கிட்டுப் போகும்? வாசல்ல போயி நின்னா இப்ப யாரும் ஊத்துறதில்ல. கொடத்த மூடி வச்சிர்றாக.

பாண்டியம்மாள்: இத ஏன் நீ அன்னைக்கே சொல்லல?

ராக்கு: எல்லாரும் சந்தோசமா மம்பட்டியத் தூக்கிட்டு நின்னிய. அதுல போயி எங் கிடாய்க்குத் தண்ணின்னு எப்படிக் கேக்குறது. அதுவும் போக எனக்கே தோணல. நானும் எங்க வீட்டுத் தண்ணிய இங்கனதான கொண்டாந்து ஊத்துனேன்.

பாண்டியம்மாள்: நேந்த கிடாய்க்குப் பட்டினி போட்டுட்டுக் கத்தரிக்கா வளத்திருக்கோம். நம்ம தெருவுக்கு மூளை அம்புட்டுத்தான்.

ராக்கு: விடுங்க.

பாண்டியம்மாள்: எங்க விடுறது. படல் இருக்குல்ல, முள்ளுப் படல்? அதுல கயித்தக் கட்டி முடிச்சுப் போட்டிருக்கு. கிடா முடிச்ச அவுக்குமா?

ராக்கு: நான் தொறக்கல.

பாண்டியம்மாள்: நீ தொறந்தன்னு நான் சொன்னனா?

ராக்கு: தெருவுல சொல்றாகள்ல. முனியய்யா மேல சத்தியமா நான் படலத் தொறக்கல மதினி.

பாண்டியம்மாள்: சரி சரி. எதுக்கெடுத்தாலும் சத்தியம் போடாத. சாயங்காலம் எல்லாரும் இங்கன கூடுறாக, தெரியும்ல?

ராக்கு: தெரியும். என்ன முடிவு பண்ணியிருக்காகன்னு சொல்லிருங்க. அதுக்குத்தான வந்திருக்கிய.

பாண்டியம்மாள்: ஒண்ணு, வார மாசிக் களரித் திருவிழாவுல முனியய்யாவுக்குக் கிடாய வெட்டிரணும். இல்லன்னா ராக்கு பாத்திய விட்டுட்டுப் போயிரணும்.

ராக்கு: ம்.

பாண்டியம்மாள்: என்ன ம்?

ராக்கு: பாத்திய விட்டா பழையபடி உப்பளத்துக்குப் போவேன், வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிடுவேன். என்ன இருக்கு.

பாண்டியம்மாள்: ஒண்ணும் இல்லாததுக்கா கண்ணு கலங்குது?

ராக்கு: ...இங்கன வந்தாத்தான் மதினி நாலு பேரு எங்கிட்ட பூச்சியப் பத்தியும் வெண்டைக்காயப் பத்தியும் பேசுறாக. கொழாயடிக்குப் போனா, கடைக்குப் போனா, ஒம் புருசன் சவுதியிலருந்து எப்ப வாராரு, ஒம் புருசன் சவுதியிலருந்து எப்ப வாராரு. இந்த வேலிக்குள்ள வந்துட்டா யாரும் கேக்குறதில்ல. எனக்குப் பாத்தி வேணும்.

பாண்டியம்மாள்: அப்ப வெட்டிரு.

ராக்கு: நேந்துக்கிட்டது நடக்காம எப்படி வெட்டுறது? அவுக பிளேன் ஏறப் போறதுக்கு முதநாள் முனியய்யா முன்னால நின்னு நான் சொன்னத நீங்களும்தான கேட்டிய. என் வீட்டுக்கு வந்து சேரணும்னு கேக்கப் போனேன். சாமிகிட்டப் பேராசப்படாத, சின்னதாக் கேளு, அப்பத்தான் குடுக்கும்னு சொன்னது யாரு?

பாண்டியம்மாள்: நான்தான்.

ராக்கு: கடல் தாண்டிப் போற மனுசன் உசுரோட இந்தச் சீமையில திரும்பக் கால் வச்சாப் போதும்னு கேட்டேன்.

பாண்டியம்மாள்: ...ஆமா. அப்படித்தான் கேட்ட.

ராக்கு: அது நடக்காம வெட்டுனாக் குத்தம்னு ஊருக்கே சொல்றவுக நீங்க.

பாண்டியம்மாள்: ஒரு குத்தமும் வராது. வெட்டு. நான் சொல்றேன்.

ராக்கு: வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

பாண்டியம்மாள்: தெரியும்னா விட்ரு. எல்லாத்துக்கும் கேள்வி... இந்தா, காலிதா வாரா.

காலிதா: என்ன பாண்டியக்கா, சத்தம் எங்க வாசல் வரைக்கும் கேக்குது. ராக்கு, ஏன் மொகம் இப்படி இருக்கு?

ராக்கு: கிடாய வெட்டச் சொல்றாக.

காலிதா: அல்லாவே. நம்ம இடத்துல ஒரு தோட்டம் வந்துச்சேன்னு நான் சந்தோசப்பட்டது பொறுக்கலயா? அது பாட்டுக்கு நாலு கீரையத் தின்னுட்டுப் போகட்டும். இடம் எங்களுது, நான் சொல்றேன்.

பாண்டியம்மாள்: இடந்தான் உன்னுது. கீரை உன்னுதா?

காலிதா: எங்கள்ல ஒரு நேர்ச்சை நாள்பட்டுப் போச்சுன்னா பள்ளிவாசல் அசரத்துகிட்ட யோசனை கேப்பாக. நீங்களும் ஒங்க சாமியாடியக் கேளுங்களேன்.

ராக்கு: கேட்டா அவரு திருப்பி என்னைய கேப்பாரு. களரியில வெட்டுறதுக்கு முந்தி, எதுக்கு நேந்த கிடா, நேந்தது நடந்துச்சான்னு ஊரு முன்னால சத்தமாக் கேக்கணும். நாம வாயத் தொறந்து சொல்லணும். அப்புறந்தான் அருவாளத் தொடுவாரு.

காலிதா: அது ஒண்ணு இருக்கோ. எங்க மச்சான் நேத்துச் சவுதியிலருந்து போன் போட்டாக ராக்கு. ஒன் வீட்டுக்காரரு வேல்சாமி அண்ணனப் பத்திகூடப் பேச்சு வந்துச்சு. அண்ணன் விட்டுட்டுப் போன கம்பளிய இன்னும் அவுக ரூமுலதான் வச்சிரு...

பாண்டியம்மாள்: காலிதா, கொடத்தத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத. அவரைக்கு ஊத்து.

காலிதா: ...ஊத்துறேன்க்கா.

ராக்கு: விட்டுட்டுப் போன கம்பளியா?

காலிதா: குடுத்து வச்ச கம்பளி. அங்க ரூமு மாத்திக்கிட்டே இருப்பாக. இவுக ஒரு ரூமுக்குப் போவாக, அண்ணன் ஒரு ரூமுக்கு... சவுதி பெரிய ஊருல்ல.

பாண்டியம்மாள்: ஒனக்கு அவரைக்குத் தண்ணி ஊத்தத் தெரியாதா? கொடி மேல ஊத்துற.

காலிதா: என்னையவே வெரட்டுறிய. அப்ப நானும் சொல்லிருவேன் பாண்டியக்கா. சாயங்காலம் ராக்குவ யாராவது ஒரு வார்த்த சொன்னா, நான் பாத்தத எல்லாரு முன்னாலயும் சொல்லிருவேன்.

பாண்டியம்மாள்: என்னத்தப் பாத்த?

காலிதா: மத்தியானம் தெரு அசந்து தூங்கும்போது படல் கயித்த அவுத்தது யாருன்னு. எங்க மாடி சன்னல்ல நின்னா தோட்டம் பூராம் தெரியும்.

ராக்கு: யாரு?

காலிதா: அவுகளையே கேளு.

ராக்கு: மதினியா? ஏன் மதினி? கடிச்ச செடியத் தூக்கிட்டு வந்து என் மூஞ்சிக்கு நேரா ஆட்டுனிய.

பாண்டியம்மாள்: வயிறு ஒட்டிப்போயி நின்னுச்சு. களரி வரைக்கும் தாங்காதுபோலத் தெரிஞ்சுச்சு. நேந்த கிடா தானாச் செத்தா நேந்த காரியம் வெளங்காதும்பாக. நீ அதக் கேட்டு ஒடிஞ்சு போவ. அதான் செத்த நேரம் மேயட்டும்னு... அது வெண்டைய விட்டுட்டுக் கத்தரியத் தின்னும்னு நான் என்ன கனவா கண்டேன்?

காலிதா: ஒங்க பாத்திப் பக்கம் போனா மட்டும் வெரட்டுனிய. அதையும் பாத்தேன்.

பாண்டியம்மாள்: சும்மா இரு.

ராக்கு: தீனியும் போடுறிய, வெட்டவும் சொல்றிய. எனக்கு ஒண்ணும் புரியல.

பாண்டியம்மாள்: புரிய வேணாம். களரியில சாமியாடி கேட்டா நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு. பொய்யா இருந்தா அது என்னையச் சேரட்டும்.

ராக்கு: அவரைவிதை பத்தலன்னு பரமக்குடி போயிட்டு வந்தியள்ல, நீங்களும் காலிதாவும்.

காலிதா: வெதக்கடைக்குத்தான் போனோம். வேற எங்கயும் போகல.

ராக்கு: நான் வேற எங்கயும்னு கேக்கலயே. நீங்க போயிட்டு வந்ததுலருந்துதான் கிடா உள்ள வருது. அதத்தான் சொல்ல வந்தேன்.

பாண்டியம்மாள்: பொழுது போகுது. வாங்க, போவோம்.

ராக்கு: வெதக்கடைக்கு எதுத்தாப்புல ஒரு சைக்கிள் கடை இருக்கும். அதுக்குப் பின்னால தறி போடுறவுக வீடு. வாசல்ல அவுக ஒரு கைப்புள்ளைய வச்சுக்கிட்டுச் சோறூட்டிக்கிட்டு இருப்பாக.

காலிதா: ராக்கு...

ராக்கு: கொஞ்சம் சதை போட்டிருக்காகள்ல? சவுதிக்குப் போகும்போது குச்சி மாதிரி இருந்தாக.

பாண்டியம்மாள்: உனக்கு எப்படித்தா தெரியும்?

ராக்கு: உப்பு லாரிக்காரர் சொன்னாரு. நம்பல. நேர்ல போயி ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன்.

பாண்டியம்மாள்: கிட்டப் போயி ரெண்டு வார்த்த கேக்கலயா?

ராக்கு: பஸ்சுக்கு நேரமாயிருச்சு.

காலிதா: நான் மச்சான்கிட்ட எம்புட்டுச் சண்டை போட்டேன் தெரியுமா? இத ஏன் எங்கிட்ட மறச்சீகன்னு. அப்புறம் நானே ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம... ஒனக்காக அல்லாகிட்ட துஆ மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

ராக்கு: நீ சொல்லாதது நல்லது. சொல்லியிருந்தா நான் அழணும்ல. அவுக வெக்கப்பட வேண்டியதுக்கு நான் வெக்கப்பட்டுக்கிட்டுத் திரியுறேன் காலிதா. அதுதான் எனக்கு ஆத்தமாட்டாம இருக்கு.

பாண்டியம்மாள்: எப்பப் பாத்த? நாங்க போயிட்டு வந்த பொறகா?

ராக்கு: போன களரிக்கு முந்தியே பாத்துட்டேன்.

பாண்டியம்மாள்: போன களரிக்கா... ஒரு வருசமா அந்தக் கிடாய வச்சுக்கிட்டு...

ராக்கு: சின்னதாக் கேளுன்னிய, கேட்டேன். இந்தச் சீமையில கால் வச்சாப் போதும்னேன், முனியய்யா சொன்னபடி கொண்டாந்து எறக்கிட்டாரு. எவ வீட்டுல எறக்கணும்னு நான் சொல்லலயே. சாமி மேல ஒரு குத்தமும் இல்ல. கிடாய நான்தான் குடுக்கல. வெட்டுனா, நடந்துச்சான்னு கேப்பாக. நடந்துச்சுன்னா, அப்ப ஆள எங்கன்னு கேப்பாக. அது உசுரோட சுத்துற வரைக்கும் ஒம் புருசன் எப்ப வாராருங்கிறதோட விட்டுருவாக.

காலிதா: இப்ப சாயங்காலம் என்ன சொல்றது பாண்டியக்கா?

பாண்டியம்மாள்: என்னத்தச் சொல்றது. கயித்த அவுத்தது நான்தான்னு சொல்லிர்றேன். முனியய்யா கனவுல வந்து பசிக்குதுன்னு கேட்டாருன்னு ஒரு போடு போட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக. நாளைலருந்து கொடத்துக்கு ஒரு சொம்பு கழனித்தண்ணி கிடாய்க்கு. ராக்கு பாத்தி ராக்குக்குத்தான். களரியப் பத்தி எவளாவது பேசட்டும், பாத்துக்கிறேன்.

காலிதா: இன்ஷா அல்லா. நானும் கூட நிக்கிறேன்.

பாண்டியம்மாள்: கனவுல நீ வந்துறாத, அது போதும். ...ஏத்தா ராக்கு, ஒண்ணுதான் எனக்குக் கணக்கு ஒதைக்குது. நான் என்னைக்கோ ஒரு நாள்தான் படல அவுத்து விட்டேன். இங்க பாத்தா அன்னாடம் மேஞ்சிருக்கு. மத்த நாளு யாரு?

ராக்கு: மத்த நாளு ராத்திரியில நான்தான் மதினி. முனியய்யாவுக்கு ஏற்கெனவே ஒரு கிடா பாக்கி, ஒரு பொய்ச் சத்தியமும் அதோட சேந்து கெடக்கட்டும்.