பயணி இல்லாம உள்ள விடமாட்டாங்க

இல்லம்மா, ஏரிக்குத்தான் போறோம், யாரு இல்லேன்னா? முரசுக் கோபுரம் பாத்தாச்சு, மணிக் கோபுரம் பாத்தாச்சு, ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது. நடுவுல ஒரே ஒரு சந்து, அஞ்சு நிமிஷம். பெய்ஜிங் வர்றவங்க எல்லாரும் ஒரே நாலு எடத்தப் படம் புடிச்சிட்டுப் போறாங்க. நான் யாருக்கும் தெரியாத மூலை காட்டறேன், வாங்க.

அட, ஏமாத்துக்காரன் இல்லம்மா நான். சரி, உண்மையச் சொல்லிடறேன். சந்து முனையில காவக்காரன் ஒருத்தன் நிக்கிறான். ரிக்‌ஷாவுல ஆள் இருந்தாத்தான் என்னை உள்ள விடுவான். போன வருஷம் இதே நாள்ல, செத்தவங்க கல்லறையப் பெருக்கிக் கும்பிடற நாள்ல, உள்ள போய் உக்காந்து அழுதுட்டேன், சுத்திப் பாக்க வந்தவங்க பயந்துட்டாங்களாம். அதுலேருந்து தனியா விடறதில்ல. காலைலேருந்து மூணு வாட்டி வெரட்டிட்டான். இன்னிக்கு நான் உள்ள போயே ஆகணும். நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்.

நல்லா இருப்பீங்கம்மா.

தம்பி, பயணி, பயணி! பாத்துக்க. வழிய விடு.

ம்... இந்த செவுரெல்லாம் புதுசு. இடிச்சிட்டு அதே மாதிரி கட்டியிருக்காங்க. அந்தா, டீக்கடை இருக்குல்ல, வாசல்ல ரெண்டு பக்கமும் முரசு மாதிரி கல்லு? அது மட்டும்தான் பழசு. எங்க வீட்டு வாசக் கல்லு. யூச்சின் அது மேல உக்காந்துதான் வெங்காயத்தாள் நறுக்குவா. பொம்பளைங்க உக்காரக் கூடாதுன்னு எங்கம்மா கத்துவாங்க, அவ எங்க கேட்டா!

என் சம்சாரம். போய்ச் சேந்துட்டா. கல்லறையா? பாவோதிங் பக்கம், அவ தம்பி வெச்சிருக்கான். அங்க என்னை விடமாட்டான். கல்லுல என் பேரு இல்லம்மா. புருஷன் பேரு எழுதற எடம் வெறுமையா இருக்கு.

சண்டையா? ஒரு நாள் கூட இல்ல. வீட்ட இடிக்கறப்ப ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃப்ளாட்டுன்னாங்க. கணக்குப் போட்டோம். பிரிஞ்சிட்டா ரெண்டு குடும்பம், ரெண்டு ஃப்ளாட்டு. பேப்பர்லதானே! எங்க சந்துலேருந்தே பதினோரு ஜோடி வரிசையில நின்னோம், என்னமோ கல்யாணத்துக்குப் போற மாதிரி சிரிப்பும் கும்மாளமும். விவாகரத்து வாங்கின கையோட எல்லாருமா உக்காந்து ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை தின்னோம்.

சாவி வந்ததும் மறுபடி கல்யாணத்தப் பதிஞ்சிக்கலாம்னு இருந்தோம். வந்துச்சு. நல்ல நாள் பாக்கணும்னா அவ. இந்த மாசம் வேணாம், குளிர் போகட்டும்னா. குளிர் போறதுக்கு முன்ன ஒரு நாள் காலைல, மாவு பிசைஞ்சிட்டிருந்தவ அப்படியே சரிஞ்சிட்டா. மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிடுச்சாம்.

புள்ளைங்க இல்ல. சட்டப்படி நான் யாரோ. அவ ஃப்ளாட்டும் சாம்பலும் தம்பிக்குப் போச்சு. வீட்ட எடுத்துக்கடா, கல்லுல என் பேர மட்டும் போடுன்னு கால்ல விழுந்து கேட்டேன். போட்டா நாளைக்கு நான்தான் புருஷன்னு ஃப்ளாட்டக் கேட்டு நீ வழக்குப் போடுவேங்கிறான். அவன் பயம் அவனுக்கு.

அதான் இங்க வரேன். கும்பிட வேற எடம் ஏது எனக்கு? ரெண்டே நிமிஷம்மா, நீங்க வண்டியிலயே இருங்க. இன்னிக்கு அழமாட்டேன்.

விவாகரத்து யாரு யோசனையா? என்னோடதுதான். அந்த ஆபீஸ்ல ஒரு அம்மா, ஏன் பிரியறீங்க, யாராவது ஒருத்தர் காரணம் சொல்லுங்கன்னு கேட்டாங்க. யூச்சினுக்குச் சிரிப்பெல்லாம் போயி, தலையக் குனிஞ்சிக்கிட்டா. பின்னால வரிசை நிக்குது. நான்தான் சொன்னேன், எனக்கு இவளப் புடிக்கலன்னு. அவங்களும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. முப்பத்தோரு வருஷம் சேந்து வாழ்ந்ததுக்கு, அவளப் பத்தி நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது அது ஒண்ணுதாம்மா.