துரியோதனன் மீசை

ஆரணியிலிருந்து வந்தவாசி போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி.

"நாம கனடாவுலயே தங்கிட்டா துரியோதனனுக்கு யாருங்க மீசை வரைவாங்க?" என்றாள் மனைவி.

"தீமிதித் திருவிழாவுக்குத் தரையில பெருசா செய்யற மண்ணு பொம்மைதான? ஊர்ல ஆளா இல்ல? வேலை விசான்னா, வேலை போனா நாமளும் கெளம்பணும். நிரந்தரமா தங்கற பிஆர்தான் நிம்மதி."

"மொகம் மட்டும் உங்க வூட்டு ஆளுங்கதான செய்வாங்க. முழங்கால் வரைக்கும் சேறோட நீங்க மீசை வரைஞ்சிகினு இருந்தப்பதான் உங்கள மொதல்ல பார்த்தேன்."

"கோணலா இருக்குன்னு சிரிச்ச."

"இன்னும் கோணலாத்தான் வரையறீங்க."

அவன் விசா ஏஜென்ட்டுக்குப் போன் போட்டான்.

"சார், பிஆர் வாங்கினப்புறம் வருஷா வருஷம் திருவிழாவுக்கு ஊருக்கு வரலாமா? காரணமா? ஒரு மீசை வரையணும் சார்."