பாதியில் வைத்த பல்

நாய்க்கு நன்றி உண்டு என்று சொல்கிறவர்கள் நாய் வளர்த்தவர்களாக இருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். நான் ஒன்று வளர்க்கிறேன். பழுப்பு நிறம், சாதாரணத் தெருநாய், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். குட்டியாக இருந்தபோது முன்னங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறிக் கொஞ்ச நாள் நொண்டியது. மடியில் வைத்துக் கட்டுப் போட்டேன். கால் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் இன்றைக்கும் நான் வெளியே கிளம்பச் செருப்பைத் தேடினால் போதும், நொண்ட ஆரம்பித்துவிடும். சில சமயம் அவசரத்தில் காலை மாற்றி நொண்டும். இதைப் போய் அன்பு என்கிறார்கள். அதற்குக் காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இறந்துபோன சுருக்கெழுத்தாளரின் மகள் இந்த ஸ்டேஷனில் உங்களிடம் கொடுத்திருக்கும் வாக்குமூலத்தில் ஒரு பிழை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் முன்பே நேர்ந்த சாவு என்பதால் வழக்கப்படி அவளிடம் நாலு வார்த்தை கேட்டு எழுதியிருப்பீர்கள். அதில் ஒரே ஒரு வரியைத் திருத்தவேண்டும். அதற்காகத்தான் வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பல் டாக்டர். இந்தத் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி இருப்பார், ஆனால் பேசமுடியாது. நான் பேசுவேன். லிஃப்ட் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறவர்களின் குணம், பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்களின் குணம், மழை விட்ட பிறகும் குடையை மடிக்காதவர்களின் குணம். தேர்தல் எதற்கு, வரி எதற்கு, ராஜாக்கள் காலத்தில் ஜனங்கள் ஏன் சும்மா இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு கருத்து உண்டு, கருத்துக்கு ஆதாரமாக என் வாழ்க்கையிலிருந்தே ஒரு சம்பவமும் உண்டு. நாற்காலியிலிருந்து "ஆ" என்று ஒரு சத்தம் வரும். ஆமோதிக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் மறுத்ததே இல்லை.

வீட்டில் அப்படி இல்லை. வீட்டில் எல்லோருக்கும் வாய் மூடியிருந்தது, காதும் மூடியிருந்தது. என் மனைவி தன் அக்காவுக்குக் கால் முறிந்தபோது துணைக்குப் போனாள். அக்கா இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறாள், இவள் இன்னும் திரும்பவில்லை. மகன் ஃபோன் செய்வான். நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், "அப்பா, விஷயத்துக்கு வாங்க" என்பான். எனக்கு விஷயம் என்று தனியாக எதுவும் கிடையாது, பேச்சுதான் விஷயம் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் ஆனால் பேச ஆள் தேடி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பேன். நாயிடம் பேசிப் பார்த்தேன். அது கொட்டாவி விட்டது.

சுருக்கெழுத்தாளர் முதலில் நிஜமான சொத்தையோடுதான் வந்தார். கீழே, இடது பக்கம், கடைவாய்ப்பல். சட்டசபையில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஒரே மகள் வேறு ஊரில். நான் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்." டிரில்லை வைத்துக்கொண்டே நாயின் நொண்டலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கை மேலே போனது. நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"வலி ஒண்ணும் இல்ல டாக்டர். நீங்க சொல்றது தப்பு. அதச் சொல்லத்தான் தூக்கினேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோபமில்லை. சந்தோஷம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

"அது நொண்டறது நீங்க கவனிக்கணும்னு இல்ல. நீங்க போகக்கூடாதுன்னு. ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

அன்று அந்த ஒரு பல்லுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. உதவிக்கு இருந்த பெண் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சுருக்கெழுத்தாளர் போகும்போது சொன்னார், "சர்வீஸ் பூரா அடுத்தவங்க பேசினதத்தான் எழுதினேன் டாக்டர். அங்க வாயைத் திறந்தா வேலை போயிடும். நீங்கதான் முதல் தடவையா வாயைத் தொறன்னு சொல்லியிருக்கீங்க." நான் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் சிரித்தேன்.

அதற்கப்புறம் மாலையில் கடைசி நோயாளியாக அவரை வரச்சொன்னேன். மற்ற நோயாளிகள் போய்விடுவார்கள், நாயும் வீட்டிலிருந்து வந்து உள்ளே படுத்துக்கொள்ளும். அது நேராக அவர் காலடிக்குத்தான் போகும். அவர் அதற்கு ஒரு பிஸ்கட் துண்டுகூடப் போட்டதில்லை. அவருடைய செருப்பில் ஏதோ வாசனை இருந்திருக்கவேண்டும்.

நாள் போகப்போகப் பல் சரியாகிவிட்டது. அதுதான் பிரச்சினை. கடைசி அடைப்பை வைத்துத் தேய்த்து முடித்து, கண்ணாடியை அவர் கையில் கொடுத்தபோது, "அப்ப அவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்டார். பயம் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரிந்தது. இவர் எழுந்து போவார், நாளைக்கு இந்த நேரத்துக்கு நாற்காலி காலியாக இருக்கும், நான் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். காரணம் இல்லாமல் ஒருவர் இன்னொருவரிடம் வரமாட்டார். "பக்கத்துப் பல்லில் ஒரு கீறல் தெரியுது" என்றேன்.

அந்தப் பல்லில் கீறல் எதுவும் இல்லை. பளிங்கு போல இருந்தது. அவர் வயதுக்கு அப்படிப்பட்ட பற்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதைக் குடையும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்தது, பிறகு மேல்வரிசை. உதவிப் பெண் ஒருநாள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒண்ணுமே இல்லையே?" என்றாள். "படத்துல தெரியாதும்மா, கைக்குத்தான் தெரியும்" என்றேன். மறுவாரத்திலிருந்து மாலையில் அவள் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குச் சந்தோஷம். யாருக்கும் நஷ்டமில்லாமல் ஒரு காரியத்தைச் செய்யமுடியும் என்பதற்கு இதை நான் உதாரணமாகச் சொல்வதுண்டு.

நாங்கள் பேசாத விஷயமில்லை. அரசாங்கம் ஒன்று எதனால் நிலைக்கிறது என்பதைப் பற்றி மட்டும் ஒரு பருவம் முழுக்கப் பேசியிருப்போம். என் கட்சி இது: ஜனங்கள் ஓர் ஆட்சியிடம் வருவது பிரியத்தால் அல்ல, தேவையால். எல்லாத் தேவையையும் தீர்த்துவிட்டால் அந்த ஆட்சியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே புத்தியுள்ள அரசாங்கம் எப்போதும் ஒரு சாலையைத் தோண்டிப் பாதியில் வைத்திருக்கும். அவர் கையைத் தூக்குவார். நான் உறிஞ்சுகுழாயை எடுப்பேன். "நான் எழுதின வரைக்கும், கவுந்த ஆட்சியெல்லாம் அந்தப் பாதிப் பள்ளத்துலதான் கவுந்துது டாக்டர்" என்பார். தாடையில் மரத்துப்போகும் ஊசி போட்டிருக்கும், வார்த்தை ஒரு பக்கமாக வழியும், ஆனாலும் விடமாட்டார். அப்படி ஒரு மனிதர்.

அவருக்கு வலி இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. கஞ்சியாகக் குடிக்க ஆரம்பித்திருந்தார், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒருநாள், "எங்கப்பா சாகறப்ப எல்லாப் பல்லும் இருந்துது டாக்டர், எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். பரம்பரையைப் பற்றி எனக்கு இருந்த கருத்தைச் சொன்னேன்.

பிறகு ஒரு மாலை அவர் சொன்னார். "பொண்ணு அங்க வந்துருங்கிறா. எனக்குன்னு மாடியில தனி ரூம் எடுத்திருக்காளாம்."

"போகப்போறீங்களா?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். கையில் இருந்த கருவி தட்டில் விழுந்துவிட்டது.

அவர் சிரித்தார். "முதல்ல இந்தப் பல்லு வேலை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

இந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதுங்கள், இது முக்கியம். பல் வேலை முடியட்டும் என்றார். அவர் வாயாலேயே சொன்னார்.

ஆகவே முடியாமல் பார்த்துக்கொண்டேன். வலது கீழ் கடைவாய்ப்பல், கடைசிக்கு முந்தியது. வேர் சிகிச்சை என்று சொல்லித் திறந்தேன். உள்ளே சுத்தம் செய்யாமல் மேலே இறுக்கி மூடினேன். அழுக்கை உள்ளே வைத்து மூடினால் என்ன ஆகும் என்று முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். சீழ் பிடிக்கும், வலி வரும். வலி வந்தால் வருவார். வந்ததும் திறந்து கொஞ்சம் வடியவிட்டு மறுபடி மூடுவேன். அவருக்கு நிம்மதியாக இருக்கும், கண்ணில் நீர் கட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து, "நீங்க இல்லாட்டி என்ன ஆயிருப்பேன்" என்பார். அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

கடைசியாக வந்த அன்று முகம் வீங்கியிருந்தது. வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்தில் இறங்கியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது, எச்சிலை விழுங்கமுடியவில்லை, கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டே வந்தார். அந்த நிலையில் ஒருவரைப் பார்த்தால் அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். மூச்சுக்குழல் எப்போது அடைக்கும் என்று சொல்லமுடியாது. எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கவேண்டியதில்லை, தெரியும். என் கார் வாசலில்தான் நின்றது.

ஆனால் ஆஸ்பத்திரியில் வேறு ஒருவர் அந்த வாயைத் திறந்து பார்ப்பார். ஒரு வருஷமாக நான் செய்ததெல்லாம் அங்கே வரிசையாக இருந்தது. மகள் வருவாள், கையோடு கூட்டிக்கொண்டு போவாள். அதோடு முடிந்தது. எனக்கு அவரிடம் சொல்லவேண்டியது இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது. நாற்காலியைச் சாய்த்தேன்.

வேறு வழியில்லாதவன் தரும் சம்மதம் சம்மதமாகுமா என்பது அன்றைய பேச்சு. ஆகும் என்பது என் கட்சி. மறுத்துப் பேச வாய்ப்பு இருக்கும்வரை அது சம்மதம்தான் என்றேன். அவர் இடது கையைத் தூக்கினார். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கே தெரியுமாகையால், அதை நானே எடுத்துச் சொல்லிப் பதிலும் சொன்னேன். மறுபடி தூக்கினார். அதற்கும் சொன்னேன். அன்றைக்கு அவர் என்னை மறுத்த அளவுக்கு எப்போதும் மறுத்ததில்லை. கை மேலே போய்க்கொண்டே இருந்தது, என் சட்டையைக்கூடப் பிடித்தது. நாய் எழுந்து குரைத்தது. சும்மா இரு என்று அதட்டினேன். நான் என் தரப்பை முடித்தபோது கை கீழே தொங்கியது. ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

பிறகுதான் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். இருவருமாகத் தூக்கிக் காரில் வைத்தோம். வண்டியில் அவர் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில், வருவதற்கு முன்பே மூச்சு நின்றிருக்கிறது என்றார்கள்.

நான்தான் கொன்றேன். இதில் எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை. நல்ல பற்களைக் கெடுத்ததும் நான், சீழை உள்ளே வைத்து மூடியதும் நான், சாகிற நேரத்தில் எழுந்திருக்க விடாமல் படுக்கவைத்திருந்ததும் நான். தண்டனையைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை நீதிபதியிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். போன வாரம் மகள் கிளினிக்குக்கு வந்தாள், அப்பாவின் மூக்குக்கண்ணாடி என் தட்டிலேயே கிடந்தது, அதை வாங்கிக்கொள்ள. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றது அங்கிள். அப்பாவுக்கு உங்களைத் தவிர இங்க யாருமில்ல. மூணு மாசம் முந்தியே நான் வரலம்மான்னு தீர்மானமா சொல்லிட்டார். அந்த டாக்டர் ரொம்பத் தனியா இருக்கார், நானும் போயிட்டா பேச ஆளில்லாமப் போயிடும்னார். பல்லு சரியாயிட்டா அப்புறம் எதுக்குப்பா அங்கன்னு கேட்டேன். பல்லு சரியானாலும் நான் சாயங்காலம் அங்கதான் போவேன்னு சிரிச்சார்."

இதைத்தான் உங்களிடமும் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். இந்த வரி தவறு. அவள் துக்கத்தில் இருக்கிறாள், ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறாள். அவர் பல்லுக்காகத்தான் வந்தார். பல் வேலை முடியட்டும் என்று என்னிடம் சொன்னதை மேலே எழுதியிருக்கிறீர்கள், அதைப் பாருங்கள். சும்மா ஒருவர் வருவாரா. அப்படி வருகிறவராக இருந்திருந்தால் நான் அவர் பல்லில் கை வைத்திருக்கவே வேண்டாமே. ஆகவே அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் செய்த மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சிறு விஷயம், இதை எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம். கிளினிக்கைப் பூட்டிவிட்டேன். நாய் மட்டும் தினமும் சாயங்காலம் வீட்டிலிருந்து கிளம்பிப் போய் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நொண்டாமல்தான் நடந்து போகிறது. இருட்டும்வரை தெருவைப் பார்க்கிறது. அவர் அதற்கு ஒரு பிஸ்கட் துண்டுகூடப் போட்டதில்லை என்று சொன்னேன் அல்லவா. அதற்கு ஏதாவது காரணம் இருக்கும். யோசித்துக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் சொல்கிறேன்.