பூசை போட்ட மோட்டார்

காலை ஷிப்ட் முடிந்து மலேசியாவின் செனாவாங்கிலிருந்து திரும்பும் தொழிற்சாலை பஸ். முன் இருக்கையில் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"ஆயுத பூசை போட்டதிலேர்ந்து என் மீன்பிடிப் படகு மோட்டார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது மச்சான்."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஊர்ல எல்லாருக்கும் பூசை போட்டா நல்லா ஓடும். உனக்கு மட்டும் சாமி சுவிட்ச ஆஃப் பண்ணுதா?"

"சிரிக்காத லா. பிளக் புதுசு, பெட்ரோல் எண்ணெயும் புதுசு. கயிற இழுத்து இழுத்துத் தோள்பட்டையே கழண்டுரும்போல. போன வாரம் போர்ட்டிக்சன் கடல்ல நடுவுல நின்னுடுச்சு. கைய ஆட்டிக் கூப்புடுறேன், பக்கத்துப் படகுக்காரன் பதிலுக்குக் கைய ஆட்டிட்டுப் போறான். பேசாம வித்துடலாம்னு இருக்கேன்."

"கொஞ்சங்கூட ஓடலியா?"

"டேங்க் மூடியத் தொறந்து எண்ணெய் ஊத்துனா ஸ்டார்ட் ஆகுது. கொஞ்ச தூரம் போனதும் செத்துருது."

"அப்ப டேங்குக்குள்ள காத்து போகல. மூடி மேல சின்ன ஓட்டை இருக்குமே, பாத்தியா?"

"மூடி மேல சந்தனப் பொட்டுல்ல இருக்கு."

மற்றவர் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"காத்து போற ஓட்டைய சந்தனத்தால அடச்சிட்டு, மோட்டார விக்கப் போறானாம். யாரு வச்சது?"

"வீட்டுக்காரிதான். ரொம்ப நேரம் கண்ண மூடி வேண்டிக்கிட்டு வச்சா."

"தங்கச்சி என்ன வேண்டிக்கிச்சாம்?"

தொப்பிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமையாவது நான் வீட்ல இருக்கணுமாம்."